ஒரு மாதப் பென்ஷன்

1971 நவம்பர் கடைசியில் ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு பேச்சு கிளம்பியது. விக்ராந்த் வரப்போகிறதாம். ஹார்பரில் இடம் கேட்டிருக்கிறார்களாம். கறியும் காய்கறியும் மூட்டை மூட்டையாகத் தயாராக வைக்கச் சொல்லி காண்டிராக்டர்களுக்குத் தகவல் போயிருக்கிறதாம்.

தாத்தா அப்போது ஹார்பரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் கேட்டதை வீட்டில் வந்து சொன்னார். விக்ராந்த் என்ற விமானந்தாங்கிப் போர்க்கப்பலில்தான் அப்பா ஸ்டோக்கர், பாய்லர் ஓட்டுகிற வேலை. பாட்டி அன்றைக்கே அம்மாவைத் தலைக்குக் குளிக்கச் சொல்லிவிட்டாராம். அந்த ஜூலை கடைசியில் அந்தக் கப்பல் கொச்சியிலிருந்து புறப்பட்டு, பிரம்மபுத்ரா, பியாஸ் என்ற இரண்டு கப்பல்கள் துணைக்கு வர, சென்னைக்கு வந்திருந்தது. அப்பாவும் வீட்டுக்கு வந்துவிட்டுப் போயிருந்தார். அதனால் இந்தமுறையும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு வாரம் காத்திருந்தார்கள். கப்பல் வரவில்லை. டிசம்பர் 3ஆம் தேதி ரேடியோவில் பாகிஸ்தானோடு போர் என்றார்கள். நான் அப்போது பிறக்கவில்லை. இது அம்மா சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் நிலைத்துவிட்ட கதை.

அந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியிருக்கும் என்று எனக்குப் புரிந்தது பல வருடம் கழித்து, அந்தப் போரைப் பற்றிப் படித்தபோது. அன்றைக்குக் கிழக்குக் கடற்படைக்குத் தலைமை வகித்தவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர். பாகிஸ்தானின் நீர்மூழ்கி காஸி, விக்ராந்தைத் தேடி வங்காள விரிகுடாவுக்குள் வரும் என்று அவர் கணித்திருந்தார். விக்ராந்தை அந்தமான் தீவுகளில் ஒரு மறைவிடத்துக்கு அனுப்பிவிட்டு, ராஜ்புத் என்ற பழைய கப்பலை விசாகப்பட்டினத்துக்கு அப்பால் நிறுத்தி, விக்ராந்த் பேசுவதுபோல வயர்லெஸ்ஸில் பேசவைத்தார். கூடவே சென்னையிலிருந்த கடற்படை அதிகாரியைச் சாதாரண டெலிபோனில் கூப்பிட்டு, விக்ராந்த் அங்கே வருகிறது, போர்ட் டிரஸ்டிடம் இடம் கேளுங்கள், ரேஷனுக்கு ஏற்பாடு செய்யுங்கள் என்றார். இவ்வளவு ரகசியத்தைப் போனில் பேசுகிறாரே, இவருக்குப் பித்துப் பிடித்துவிட்டதா என்று அந்த அதிகாரி நினைத்ததாக கிருஷ்ணனே பிற்பாடு எழுதியிருக்கிறார். அது நாலு காதில் விழவேண்டும் என்பதற்காகவே பேசிய பேச்சு. எங்கள் தாத்தா காதிலும் விழுந்தது என்றுதான் நினைக்கிறேன்.

காஸி டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத் துறைமுக வாயிலருகே வெடித்து மூழ்கியது. ராஜ்புத் போட்ட குண்டுகளால் என்கிறது இந்தியத் தரப்பு. அது தானே கொண்டுவந்த கண்ணிவெடிகளால் என்கிறது பாகிஸ்தான் தரப்பு. கடலில் மிதந்த எண்ணெயையும் சாமான்களையும் முதலில் பார்த்துச் சொன்னவர்கள் மீனவர்கள்.

அப்பா இது எதையுமே பார்க்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். போருக்குப் போனவர் என்றால் எதிரியைப் பார்த்திருப்பார், குண்டு விழுவதைப் பார்த்திருப்பார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பள்ளியில் என் கூட வேலை பார்ப்பவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். அப்பா போரின்போது பார்த்தது பிரஷர் கேஜை. விமானம் ஏறி இறங்கும் தளத்துக்குப் பல அடுக்கு கீழே, கடல் மட்டத்துக்கும் கீழே, பாய்லர் ரூமில் நின்றுகொண்டிருந்தார்.

அந்தப் பாய்லர்களுக்கு ஒரு வரலாறு உண்டு. விக்ராந்தில் நான்கு பாய்லர்கள். 1970இல் பாய்லரின் தண்ணீர் டிரம்மில் விரிசல் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மாற்று டிரம் இந்தியாவில் கிடைக்காது, இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். போர் வந்தால் இந்தக் கப்பல் பம்பாயிலேயே கட்டிக்கிடக்கவேண்டியதுதான் என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். 1965 போரிலும் அது செப்பனிடும் தளத்தில் கிடந்தது. இரண்டாவது போரிலும் வெளியே வராவிட்டால் விமானந்தாங்கிக் கப்பல் எதற்கு என்ற கேள்வி எழும். அப்போதைய கடற்படைத் தளபதி அட்மிரல் நந்தா, கப்பலை ஓட்டியே ஆகவேண்டும் என்றார். ஒரு பாய்லரை அணைத்துவிட்டு மீதி மூன்றையும் பிரஷர் குறைத்து ஓட்டினார்கள். 25 நாட் வேகம் போகவேண்டிய கப்பல் பதினாறு நாட் போகவே திணறியது.

வேகம் குறைந்தால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டேன். அப்பா சிரித்தார். விமானம் தளத்திலிருந்து எழும்ப எதிர்க்காற்று வேண்டும். கடலில் காற்று இல்லாத நாளில் கப்பல் ஓடுகிற வேகத்தில்தான் அந்தக் காற்று உண்டாகவேண்டும். அதுபோதாதென்று, விமானத்தை இழுத்துத் தள்ளிவிடுகிற கேட்டபுல்ட் இயந்திரமும் நீராவியில்தான் வேலை செய்தது. அந்த நீராவியும் இதே பாய்லரிலிருந்துதான் போகவேண்டும். மேலே ஒரு விமானம் கிளம்பினால் கீழே கேஜில் முள் சட்டென்று இறங்கும்.

“முள் எறங்கினா ஒண்ணு போச்சுன்னு அர்த்தம். அது திரும்பி வந்துச்சா இல்லையான்னு எங்களுக்குத் தெரியாது” என்றார்.

டிசம்பர் 4 அன்று சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜார் மீதும் சிட்டகாங் மீதும் குண்டு வீசின. இரவில் அலிஸே விமானங்கள் போயின. பிறகு குல்னா, சால்னா, மங்களா. டிசம்பர் 16 அன்று டாக்காவில் சரணாகதி. இந்தப் பெயர்களை எல்லாம் அப்பா பின்னால் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். அந்த நாட்களில் அவருக்குத் தெரிந்தது நாலு மணி நேர வாட்ச், பர்னரைத் துடைப்பது, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பார்ப்பது, வியர்வைக்கு உப்பு மாத்திரை. விரிசல் விட்ட டிரம் பக்கத்தில் நிற்கும்போது பயமாக இல்லையா என்று தம்பி கேட்டதற்கு, “பயந்தா வேற எங்கடா போறது, சுத்தியும் தண்ணி” என்றார். போரைப் பற்றி அவர் எங்களிடம் பேசியது ஏறக்குறைய அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த கடிதங்களிலும் எதுவும் இருக்காது. ஃப்ளீட் மெயில் ஆபீஸ் முத்திரையோடு வரும். நலம், நலமறிய ஆவல், வேலை அதிகம். அம்மா எழுதிய கடிதங்களில்தான் காலம் தெரியும். அந்த நவம்பர் 15 முதல் அகதிகள் நிவாரணத்துக்காக தபாலில் ஐந்து காசு தபால்தலை கூடுதலாக ஒட்டவேண்டும் என்று அரசு உத்தரவு. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த ஒரு கோடி அகதிகளுக்காக நாடு முழுக்க ஒட்டிய ஐந்து காசு அது. “உங்க அப்பனுக்கு எழுதினதுல எத்தினி அஞ்சு காசு கொடுத்திருப்பேன் தெரியுமா” என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். எங்கள் குடும்பம் அந்தப் போருக்குக் கொடுத்த முதல் நன்கொடை அதுதான்.

அப்பா 1963இல் சேர்ந்தவர். பத்து வருட ஒப்பந்தம் முடிந்ததும் 1973இல் வெளியே வந்துவிட்டார். இன்னும் ஐந்து வருடம் இருந்திருந்தால் பதினைந்து ஆகியிருக்கும், பென்ஷன் கிடைத்திருக்கும். நான் கைக்குழந்தை, தாத்தாவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. யாரும் அவரை வெளியே போகச் சொல்லவில்லை; அவராகவே வந்தார். பாய்லர் தெரிந்தவருக்கு வடசென்னையில் வேலைக்குப் பஞ்சமில்லாத காலம் அது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் விம்கோ, என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்.; எண்ணூரில் அசோக் லேலண்ட்; மணலியில் சுத்திகரிப்பு ஆலை. சங்கு ஊதினால் சைக்கிள்கள் தெருவை அடைத்துக்கொள்ளும். அப்பா எண்ணூர் அனல்மின் நிலையத்தில் சேர்ந்தார். 1970இல் ஓட ஆரம்பித்த நிலையம். ஐந்து யூனிட், 450 மெகாவாட். ஊரில் அதற்குப் பெயர் ‘தெர்மல்’. கப்பலில் எண்ணெய், இங்கே நிலக்கரி. மற்றபடி அதே நீராவி, அதே கேஜ். 2003இல் ஓய்வு பெற்றார். மின்வாரியப் பென்ஷன் வந்தது. 2017 மார்ச்சில் தெர்மலை மூடினபோது, “நான் வேலை பார்த்த பாய்லர் எதுவுமே இப்ப எரியலம்மா” என்று மட்டும் சொன்னார். விக்ராந்தும் 1997இல் ஓய்வு பெற்று, மும்பையில் அருங்காட்சியகமாக நின்று, 2014இல் உடைபட்டுவிட்டது. அதன் இரும்பை உருக்கி ஒரு பைக்கில் சேர்த்திருக்கிறார்கள் என்று தம்பி தேரடியில் ஒன்றைக் காட்டியபோது, அப்பா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, மைலேஜ் என்ன என்று கேட்டார்.

அவர் போரை நினைத்துக்கொண்டிருந்தார் என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த அடையாளம் ஒன்றே ஒன்று. டிசம்பர் 9 இரவு அவர் சாப்பிடமாட்டார். 1971இல் அந்த இரவில்தான் டையூவுக்கு அப்பால் பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹங்கோர், குக்ரி கப்பலை மூழ்கடித்தது. கேப்டன் மகேந்திரநாத் முல்லாவும் சேர்த்து 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போனார்கள். அதில் ஒருவர் அப்பாவோடு பயிற்சி எடுத்தவர். அவரும் பாய்லர் ரூம். கப்பல் மூழ்கினால் கடைசியாக வெளியே வர முடிகிற இடம் அது. அன்றைக்கு அவர் சாப்பிடாமல் இருப்பது ஏதோ வேண்டுதல் என்றுதான் எங்களுக்கு வெகுநாள் வரை எண்ணம்.

அப்பா 2019இல் தவறினார். எங்கள் பக்கத்துச் சாவு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். போஸ்டர், பேனர், பூப்பல்லக்கு, கானா. தம்பி பேனரில் போட அப்பாவின் நேவி போட்டோவைத் தேடினான். ஒரே ஒரு கறுப்புவெள்ளைப் படம் கிடைத்தது. பூர்வி ஸ்டார் மெடலும் கிடைத்தது, கிழக்குக் களத்தில் பணிபுரிந்தவர்களுக்குக் கொடுத்தது. அன்றைக்கு வந்தவர்களில் ஒரு பெரியவர், வாட்ச்மேன் சட்டையோடு நேராக டியூட்டியிலிருந்து வந்திருந்தார். அப்பாவின் காலருகே நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார். எங்களுக்கு அவரைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ‘பியாஸ் மாமா’ என்போம். அவர் இருந்த கப்பலின் பெயர் அது. 71இல் விக்ராந்துக்குக் காவலாகப் போன கப்பல். அவரும் பத்து வருடத்தில் வெளியே வந்தவர். அப்பாவுக்குத் தெர்மல் அமைந்ததுபோல அவருக்கு நிலையான வேலை அமையவில்லை. சின்னச் சின்னக் கம்பெனிகள், ஒவ்வொன்றாக மூடின. எழுபது வயதைத் தாண்டியும் மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் இரவுக் காவல் இருந்தார். போர்க்கப்பலில் போனவர் இப்போது பெட்டிகளை எண்ணி லாரிகளை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அப்பா பெயரில் ஏதாவது செய்யவேண்டும் என்று பேச்சு வந்தது. தம்பி கோயிலுக்கு இரும்பு கேட் என்றான். சித்தப்பா பஸ் ஸ்டாப்பில் சிமென்ட் பெஞ்சு என்றார். நம் ஊர் வழக்கம் அதுதானே. டியூப் லைட் கொடுத்தால் வெளிச்சம் தெரியாத அளவுக்கு அதன்மேல் ‘உபயம்’ என்று பெயர் எழுதுவோம். அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், “இரும்புல பேர் எழுதினா இந்த ஊர் உப்புக்காத்து ரெண்டே வருஷத்துல தின்னுடும்” என்றார். பேச்சு அதோடு நின்றது.

இந்தக் கரைக்குக் கொடுப்பது புதிதல்ல. ராயபுரத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியை இன்றைக்கும் வயசானவர்கள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்வார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. ராயபுரம் புனித பீட்டர் கோயில், துறைமுகம் வருவதற்கு முந்தைய காலத்தில் அலையில் படகோட்டிச் சரக்கு இறக்கியவர்கள் தங்கள் உழைப்பில் சேர்த்துக் கட்டியது. போர் என்று வந்தபோதும் அப்படித்தான். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று குண்டு வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்ததைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதே காலத்தில் சென்னை மாகாணத்து மக்கள் ‘மெட்ராஸ் போர் நிதி’ என்று பணம் திரட்டி, டாண்டா என்ற கப்பலை ‘மெட்ராஸ்’ என்ற பெயரில் மருத்துவமனைக் கப்பலாக மாற்றி, காயம்பட்டவர்களை ஏற்றிவர அனுப்பியதைப் பேசுபவர்கள் குறைவு. குண்டு போட்டவன் பெயர் நிலைத்த அளவுக்குக் கட்டுப்போட அனுப்பியவர்கள் பெயர் நிலைக்கவில்லை.

நான் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை. ஒவ்வொரு டிசம்பரிலும் தலைமையாசிரியை மேஜையில் கொடிக்கட்டு வந்து இறங்கும். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம். தரைப்படை, கடற்படை, வான்படை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒரு கொடிக்கு இவ்வளவு என்று வாங்குவோம். பிள்ளைகள் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் கொண்டுவருவார்கள். விற்காத கொடிக்கு ஆசிரியர்கள் கையிலிருந்து போட்டுக் கணக்கை முடிப்போம். 1949 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான ஒரு குழு, ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடி நாள் என்று முடிவுசெய்தது. அன்றிலிருந்து இந்தக் கொடிகள் வருகின்றன. 1993இல் போரில் இறந்தவர் குடும்பம், ஊனமுற்ற வீரர்கள், முன்னாள் படைவீரர் நலம் என்று தனித்தனியாக இருந்த நிதிகளை ஒன்றாக்கிப் படைவீரர் கொடி நாள் நிதி என்று ஆக்கினார்கள். தில்லியில் உள்ள கேந்திரிய சைனிக் போர்டு அதைப் பார்த்துக்கொள்கிறது.

பியாஸ் மாமாவின் விஷயமாக மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்தபோதுதான் அந்தப் பணத்தின் மறுமுனையைப் பார்த்தேன். அறுபத்தைந்து வயது தாண்டி, எந்தப் பென்ஷனும் இல்லாத, ஹவில்தாரும் அதற்கு இணையான பதவியும் வரை இருந்த முன்னாள் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் வறுமை நிவாரணம் என்று மாதாமாதம் ஒரு தொகை உண்டு. அப்போது மாதம் 4,000 ரூபாய். அது வரிப்பணத்திலிருந்து வருகிற பென்ஷன் அல்ல. கொடி நாள் நிதியிலிருந்து வருவது. பள்ளிக்கூடத்து டப்பாவில் விழுந்த சில்லறைதான் ஒரு மாலுமிக்கு மாதக்கடைசியில் அரிசியாகப் போகிறது.

மாமாவிடம் சொன்னபோது முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

“இன்னாத்துக்குமா அதெல்லாம்? நானு கையும் காலும் நல்லாத்தானே கீறேன். யாரனா கால் போனவனுக்குக் குடுக்கட்டும்.”

“கால் போனவங்களுக்கு வேற இருக்கு மாமா. இது உங்களுக்குன்னே வச்சது.”

“பிச்ச மாரி ஆயிடப்போவுது.”

அம்மாதான் உள்ளே இருந்து வந்து பேசினார். “அண்ணே, அவர் கப்பலுக்கு நீங்க காவல் போனீங்க. அது பிச்சையா? இது அந்தக் கணக்கு.” மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு மஞ்சள் பையை எடுத்துவந்து கொடுத்தார்.

பையில் இருந்தது பாதிதான். 2015 மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டின் மேல்பாதி போய்விட்டது. அதில் மிச்சமிருந்த பெயரின் எழுத்து ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. நகல் வாங்க எழுதிப்போட்டோம். பெயர் இரண்டும் ஒருவருடையதே என்று உறுதிமொழிப் பத்திரம் எடுத்தோம். வயதுச் சான்று, வேறு பென்ஷன் இல்லை என்பதற்குச் சான்று, வங்கிக் கணக்கு. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும். கப்பலிலும் கம்பெனிகளிலும் வாழ்க்கையைக் கழித்த ஒருவர் தனியாக இதைச் செய்ய முடியாது. அலுவலகத்தில் எங்களுக்கு வழி சொன்னவரும் ஒரு முன்னாள் ராணுவக்காரர்தான். இப்படி உரிமை இருந்தும் கேட்கத் தெரியாமல் இருப்பவர்கள் நிறையப் பேர், யாராவது கூட்டிக்கொண்டு வந்தால்தான் வருகிறார்கள் என்றார். மாதங்கள் ஓடின. ஒருநாள் மாமாவின் போனுக்கு எஸ்.எம்.எஸ். வந்தது. அதைப் படித்துச் சொல்லச் சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்தார். அடுத்த மாதம் இரவு டியூட்டியை விட்டுவிட்டார்.

அதன் பிறகுதான் அம்மா தன் முடிவைச் சொன்னார். அப்பாவின் மின்வாரியப் பென்ஷன் இப்போது குடும்பப் பென்ஷனாக அம்மாவுக்கு வருகிறது. ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம் வருவதில் ஒரு மாதப் பென்ஷன், டிசம்பரில், கொடி நாள் நிதிக்கு. தான் இருக்கும்வரை.

“கரையில பாய்லர் ஓட்டினதுக்குக் காசு வருது. கடல்ல ஓட்டினதுக்கு வரல. ஒண்ணுல இருந்து எடுத்து இன்னொண்ணுக்குக் குடுக்கிறதுல தப்பில்ல” என்றார். தம்பி, அப்பா பெயரில் ரசீது வாங்கலாமா என்று கேட்டான். அம்மாவுக்கு அதில் அக்கறை இல்லை. “யாருக்குப் போவுதுன்னு எனக்குத் தெரிய வேணாம். யாரு குடுத்தாங்கன்னு அவங்களுக்கும் தெரிய வேணாம். அவரு முள்ளப் பார்த்தாரு, மேல எவன் பறந்தான்னு பார்த்தாரா?”

அப்பாவின் போரை எங்கள் குடும்பத்தில் சரியாகப் புரிந்துகொண்டவர் அம்மாதான். ஒரு விமானம் எழும்ப, தளத்துக்குக் கீழே நூற்றுக்கணக்கானவர்கள் நீராவி கொடுத்தார்கள். விமானியின் பெயர் வரலாற்றில் இருக்கிறது, இருக்கவேண்டும். நீராவி கொடுத்தவர்களுக்குப் பெயர் கிடையாது. அவர்களில் பலருக்குப் பென்ஷனும் கிடையாது. அப்படி ஒருவரைக் கௌரவிக்க அவர் செய்த வேலையைப் போலவே கண்ணுக்குத் தெரியாமல் கீழே இருந்து தாங்குகிற ஒரு காரியம்தான் பொருத்தம். கேட்டோ பெஞ்சோ தவறில்லை. ஆனால் அது அவரைப் பற்றியதாக இருக்காது, எங்களைப் பற்றியதாக இருந்திருக்கும்.

2025 நவம்பர் முதல் அந்த மாத நிவாரணம் 8,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கு மாதம் 1,000 ஆக இருந்தது 2,000. மகள் திருமணத்துக்கு 50,000 ஆக இருந்தது ஒரு லட்சம். எல்லாம் இந்த நிதியிலிருந்துதான். அப்படியென்றால் நிதிக்குள் வருகிற பணமும் கூடவேண்டும்.

இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். டிசம்பர் 7க்குள் உங்கள் பிள்ளை பள்ளியிலிருந்து கொடி நாள் கொடி ஒன்றைக் கொண்டுவந்தால், பையில் இருக்கிற சில்லறையைத் தேடாதீர்கள்; யோசித்து ஒரு தொகை கொடுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கட்டலாம், கேந்திரிய சைனிக் போர்டின் இணையதளத்திலும் கட்டலாம். வருமான வரிச் சலுகையும் உண்டு. இரண்டாவது, பணம் செலவாகாதது, ஆனால் அதைவிடப் பெரியது. உங்கள் தெருவில், அடுக்குமாடி கேட்டில், ஏ.டி.எம். வாசலில், கன்டெய்னர் யார்டில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் வயதானவரிடம் முன்னால் என்ன வேலை பார்த்தார் என்று ஒருமுறை கேளுங்கள். ராணுவம், நேவி, ஏர்ஃபோர்ஸ் என்று பதில் வந்து, பென்ஷன் இல்லை என்றும் சொன்னால், அவருடைய டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை நீங்கள் நிரப்பிக் கொடுங்கள்.